பேர் அழிஞ்ச பிறகும் போகாத பொண்ணுக

ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சு, ராட்டினக்காரங்க கம்பியையெல்லாம் கழட்டி லாரியில ஏத்திக்கிட்டிருந்த ஒரு காலையில, எங்க சங்கரன்கோவில்ல, எங்க தெருவுல இருக்கிற மங்களநாண் திருமணத் தகவல் மையத்தோட கம்ப்யூட்டர் ரூம் கதவைத் திறந்துக்கிட்டு, எப்பவோ கல்யாணமாகிப் போன பொண்ணுகள்லாம் கல்யாணமாகாத பொண்ணுகளா ஒவ்வொருத்தியா வெளியே வந்து, வராந்தாவுல கிடந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாளுவ. எனக்கு எதுத்தாப்புல டீக்கடை. உளுந்த வடைக்கு மாவு எடுத்த கையோட நின்னு பாத்தேன். இம்புட்டுப் பேருக்குப் பால் காணாதேன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு.

ஏன் வந்தாளுவன்னு அந்த மையத்துல கம்ப்யூட்டர் பாக்குற ஆவுடைச்செல்விதான் விளக்கம் சொன்னா. "மாகாளியக்கா, பொண்ணோட பேர், ஊர், நட்சத்திரம், படிப்பு எல்லாம் ஒரு இடத்துல வரிவரியா இருக்கும். பொண்ணு பேசுற வீடியோ பெருசுல்லா, அது தனியா வேற இடத்துல கிடக்கும். பேருக்குப் பக்கத்துல அந்த வீடியோவோட நம்பரை மட்டும் போட்டு வெச்சிருப்போம். கல்யாணம் முடிஞ்சதும் பேர் வரியை அழிச்சிருவோம். வரி போயிரும், ஆனா வீடியோ போகாது. அது பாட்டுக்குக் கேட்பாரில்லாமக் கிடக்கும்"னா. கோயில் வாசல்ல செருப்பை விட்டவ டோக்கனைத் தொலைச்சுட்டு வெறுங்காலோட வீட்டுக்குப் போன கதையான்னு கேட்டேன். அதேதான்கா, அதேதான்னா. வருஷக்கணக்கா அப்பிடிச் சேந்து சேந்து உள்ள இடம் காணாமப் போச்சு, வெளியே வந்துட்டாளுவ. இதுல வாயைப் பிளக்க என்ன இருக்கு? எங்க வீட்டு பீரோவைத் திறந்தாலும் அப்பிடித்தான், எல்லாம் மேல வந்து விழும்.

மையத்தை நடத்துற சைலப்ப அண்ணாச்சி அந்தக் காலத்துல பொண்ணுகளுக்கு மட்டும்தான் வீடியோ எடுப்பாரு. மாப்பிள்ளைக்கு ஜாதகமும் சம்பளமும் போதும், அவன் மூஞ்சியை எவ பாக்கப் போறான்னு அவருக்கு ஒரு நெனப்பு. அதனால வந்தது அத்தனையும் பொண்ணுக. வீடியோ எடுத்த அன்னைக்குக் கட்டியிருந்த அதே பட்டு, அதே கனகாம்பரம், அதே பவுடர். எங்க ஊர் வெயில்ல ஒருத்திக்கும் வேர்க்கல, ஒருத்திக்கும் பூ வாடல. நான் கொண்டுபோய்க் கொடுத்த டீயைக் கையில வாங்கி அழகா வெச்சிருப்பாளுவளே தவிர குடிக்கமாட்டாளுவ, ஆறி ஆடை படிஞ்ச டீயை நான் திரும்ப எடுத்துட்டு வந்து சாக்கடையில ஊத்தணும். முதல் நாள் நான் ஒவ்வொரு சேரா மூஞ்சியைப் பாத்துக்கிட்டே போனேன். என்னைத்தான் தேடுனேன், வேற யாரை. எனக்கெங்க வீடியோ! என்னை எங்க தாய்மாமன் மகன் பேச்சிமுத்துக்குத்தான் கொடுக்கிறதுன்னு நான் ஜட்டி போடுற வயசுலயே பேசி முடிச்சுட்டாக, என்ன மாதிரி மாப்பிள்ளை வேணும்னு என்கிட்ட ஒரு நாயும் கேக்கல. அம்புட்டுப் பேருல என்னைக் காணோம்னு தெரிஞ்சதும் வந்த ஆத்திரத்துல அன்னைக்குப் போட்ட வடையில உப்பு கூடிப்போச்சு.

ஊர் அவளுவளுக்கு உதிரின்னு பேர் வெச்சிருச்சு. ரெண்டு வாரம் போகலை, உதிரிக இல்லாத ஊரு இருந்துச்சான்னு கேக்குற அளவுக்குப் பழகிட்டாக. மினி பஸ் கண்டக்டர், உதிரி ஸ்டாப்பெல்லாம் இறங்குன்னு கத்துவான். கவுன்சிலர் வராந்தாவுக்கு ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்து அதுல தன் பேரை எழுதிக்கிட்டாரு. கல்யாண மண்டபத்துக்காரங்க, எப்பவும் பட்டுக் கட்டிப் பூ வெச்சுத் தயாரா இருக்காளுவளேன்னு, முகூர்த்தத்துக்கு நாலு பேரைக் கூட்டிட்டுப் போயி வாசல்ல பன்னீர்ச் செம்போட நிக்க வெச்சாக. வர்றவங்க மேல பன்னீர் தெளிக்கச் சொன்னா தெளிப்பாளுவ, வாங்கன்னு சொல்லச் சொன்னா மட்டும், "என் பேரு முத்துச்செல்வி, நான் பி.காம் படிச்சிருக்கேன், எனக்கு வரப்போறவரு எப்பிடி இருக்கணும்னா"ன்னு ஆரம்பிச்சிருவாளுவ. ஏன்னா அவளுவளுக்குத் தெரிஞ்ச பேச்சு அது மட்டும்தான்.

அந்தப் பேச்சுதான் ஊரைக் கெடுத்துச்சு. என்ன மாதிரி மாப்பிள்ளை வேணும்னு சைலப்ப அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னால நின்னு கேட்டதுக்கு அன்னைக்கு அவளுவ சொன்ன பதிலை இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாளுவ, அதைக் கேக்க அவளுவளைக் கட்டுன புருஷன்மாரே வந்து நின்னாக. பால் சொசைட்டிப் பரமசிவம் பேசுனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும், அவன் பொண்டாட்டியோட உதிரி, "சத்தம் போட்டுப் பேசாத ஆளாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்"னு சொல்லுச்சு. அதைக் கேட்டுட்டுப் போனவன் ஒரு மாசம் வீட்டுல வாயைத் திறக்கல, அவ பயந்துபோயி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. உரக்கடை செல்லத்துரை பொண்டாட்டி, பாடத் தெரிஞ்ச மாப்பிள்ளை வேணும்னு சொல்லியிருக்கா, தலை நரைச்ச அந்த மனுஷன் மூட்டைக்கு நடுவுல உக்காந்து ஸ்வரம் பழகுனான். இல்லாத ஒருத்தன் மேல இவனுகளுக்குப் பொறாமை. யாருன்னே தெரியாத, பொறக்கவே பொறக்காத, பாட்டுப் பாடுற, மெதுவாப் பேசுற, கடல் பாக்கக் கூட்டிட்டுப் போற ஒருத்தன் மேல எங்க ஊர் ஆம்பளைக அத்தனை பேருக்கும் காதுல புகை.

பொம்பளைகளுக்கு வேற எரிச்சல். நாம உசுரோட இருக்கோம், நம்மளே அங்க இடுப்பு மெலிஞ்சு, கன்னம் மினுங்கி உக்காந்திருக்கோம், நம்ம புருஷன் நம்மளைப் பாக்காம நம்மளைப் பாக்கப் போறான், இதை எந்தப் பஞ்சாயத்துல கொண்டுபோய்ச் சொல்ல? சில பேரு, நம்ம ஆளுதானேன்னு பெருந்தன்மையா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாக. அதுக்கும் ஊர் ஒரு முறை வெச்சிருச்சு. மையத்துல போயி அந்த உதிரிக்குத் திரும்ப ஒரு பேர் வரி எழுதணும், வளர்பிறையில ஒரு நல்ல நாள் பாத்து, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், பூ வெச்சுக் கூப்பிடணும், அப்பத்தான் அது சேரை விட்டு எந்திரிச்சு வரும். அப்பிடிக் கூட்டிட்டுப் போனவளுவ பாதிப் பேரு மறுநாளே திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டுப் போனாளுவ. ஒரு அடுப்படியில ரெண்டு பேரு நிக்கலாம், ஒருத்தியே ரெண்டு தடவை நிக்க முடியாதுன்னு நிஜ முத்துச்செல்வி மூக்கைச் சிந்துனா.

இதுக்கு நடுவுலதான் கம்ப்யூட்டர் பாக்குற நம்ம ஆவுடை கதை. அந்த உதிரிகள்ல ஒரே ஒரு வீடியோவுல மட்டும் ரெண்டு பேரு. சிக்கனத்துக்காக அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஒரே வீடியோவுல எடுத்து வெச்சுக்கிடுறது அப்ப ஒரு வழக்கம், மூத்தவ முன்னால உக்காந்து பேசுவா, இளையவ ஒரு அடி பின்னால சும்மா நிப்பா, அவளுக்கு முடிஞ்சா அடுத்து இவதான்னு. அப்பிடி முன்னால உக்காந்தவ ஆவுடையோட அக்கா வடிவு, பின்னால நின்னவ ஆவுடை. வடிவு பேருக்குத் தகுந்த மாதிரி இருப்பா, நான் பொய் சொல்லமாட்டேன், அந்தக் கண்ணும் அந்த மூக்கும் பாத்தா எனக்கே நாலு அறை அறையலாம்போல இருக்கும். பின்னால நின்ன ஆவுடையை எவரும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. அவ வீடியோவுல ஒரு வார்த்தை பேசல, அதனால உதிரியாவும் அவளுக்குப் பேச்சு கிடையாது. வடிவு உக்காந்தா இவ நிப்பா, வடிவு எந்திரிச்சா இவ ஒரு அடி பின்னால போவா.

ஆவுடை புருஷன் கோமதிநாயகம் மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு, தேரடிப் பக்கம் கடை. நல்ல மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாது. அவரு முதல்ல பொண்ணு பாக்க வந்தது வடிவைத்தான். வந்தாரு, பாத்தாரு, பஜ்ஜி தின்னாரு, ஒரு சிரிப்பு சிரிச்சாரு. வடிவு, காயில் கட்டுறவனை நான் கட்டமாட்டேன், எனக்கு ரயில்வே மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னா, அவ நெனச்ச மாதிரியே ரயில்வேயில கிடைச்சு வடக்கே போயிட்டா. வந்த சம்பந்தத்தை விட மனசில்லாம அவுக அப்பா இளையவளைக் கொடுத்தாரு. இந்த விஷயம் ஊருக்கே தெரியும், தெரிஞ்சதுனாலதான் கோமதிநாயகம் தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு மையத்து வராந்தாவுக்கு வந்து, வடிவு உக்காந்திருந்த மூலையில எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு, குனிஞ்ச தலையோட என்னமோ பேசிட்டுப் போறாருன்னதும் எங்க எல்லாருக்கும் மூக்குல வேர்த்துச்சு. ஆவுடை சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிப் போயிருவா, பிள்ளைக டியூஷன் முடிஞ்சு வருமேன்னு. அவ போன பிறகுதான் அவரு வருவாரு.

நான்தான் அவகிட்டச் சொன்னேன். சொல்லாம? அவ என் கடையில வந்து உக்காந்து, "மாகாளியக்கா, ஊர் ஆம்பளைகள்லாம் கோட்டி புடிச்சு அலையுதானுவ, எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல"ன்னு பெருமை அடிச்சா, கேட்டுக்கிட்டு இருக்க என் நாக்கு என்ன மரத்துப் போச்சா?

"ஏட்டி, உன் வீட்டுக்காரரு தலை வெச்சுப் படுக்கல, தினம் வந்து கால் கடுக்க நிக்காரு, உங்க அக்கா முன்னாடி"ன்னேன்.

அவ மூஞ்சி அப்பிடியே செத்துப்போச்சு. கையில இருந்த வடையைத் தட்டுல வெச்சா. "அக்கா முன்னாடியா?"ன்னா. மறுபடி, "அக்கா முன்னாடியா?"ன்னா. எனக்கே கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு.

"எல்லாப் புருஷனும் அவனவன் பொண்டாட்டியோட உதிரியைத்தான் பாக்க வாரான். உன்னோடதும் அங்கதானே நிக்கு, ஒருவேளை அதைப் பாக்க..."ன்னு நான் ஒரு ஆறுதலுக்கு இழுத்தேன்.

"என்னை எவன் பாப்பான்?"னு வெடிச்சா ஆவுடை. "வாய் பேசாம மரம் மாதிரி நிக்குதே, அதுகிட்ட என்ன பேசுவாரு? வடிவைப் பாக்க வந்தவரு வடிவைத்தான் பாப்பாரு. அன்னைக்குப் பஜ்ஜித் தட்டை வெச்சுக்கிட்டுக் கதவுக்குப் பின்னால நின்னு நான் பாத்தேனே அந்தச் சிரிப்பை, எனக்கு அப்பிடி ஒரு சிரிப்பு இன்னைக்கு வரைக்கும் விழுந்ததில்ல. அக்கா பழைய பாவாடையைத்தான் கட்டினேன், அக்கா படிச்ச புஸ்தகத்தைத்தான் படிச்சேன், சரி, அதெல்லாம் போகட்டும். இந்த மனுஷனாவது எனக்கு வந்த மனுஷன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்பச் சொல்லுங்க, இவரு என் வீட்டுக்காரரா, இல்ல அவ வேண்டாம்னு வெச்சுட்டுப் போன ஆளை நான் பத்திரமாப் பாத்துக்கிட்டிருக்கேனா? அதை நான் தெரிஞ்சுக்கிடணும்லா?"

அவருகிட்டயே கேளேன்னேன். கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் எந்த மூஞ்சியோட அவருக்குச் சோறு போடுவேன்னு கேட்டா.

அன்னையிலேர்ந்து அவ சோறு தண்ணி சரியா எடுக்கல. வேலை நேரத்துல கம்ப்யூட்டர் ரூம் சன்னல் வழியா அக்காவையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருப்பா. வடிவு சிரிச்ச மூஞ்சியா, "என் பேரு வடிவரசி, எனக்கு வரப்போறவரு ரயில்வேயில இருக்கணும்"னு சொல்லிக்கிட்டிருப்பா, இவ உள்ளே பல்லைக் கடிப்பா. பின்னால நின்ன தன்னோட உதிரியைப் பாத்தும் கடிப்பா, இப்பிடி வாயில்லாப் பூச்சியா நின்னியே, அதான் எல்லாத்தையும் அவ வாரிட்டுப் போயிட்டான்னு. சாயங்காலமானா அந்தப் பக்கம் கோமதிநாயகம் வருவாரு, நிப்பாரு, பேசுவாரு, போவாரு. நான் பால்சட்டியைக் கிண்டிக்கிட்டே எட்டி எட்டிப் பாப்பேன், ரோட்டுச் சத்தத்துல ஒரு எழவும் காதுல விழாது.

அப்பத்தான் ஆவுடை கம்ப்யூட்டர்ல ஒரு ட்ரிக்கரை எழுதினா. ட்ரிக்கர்னா என்னன்னு ஊர் அவகிட்டக் கேட்டுச்சு, அவ பொறுமையாச் சொன்னா. பேர் வரியை நாம அழிச்சோம்னா, நாம சொல்லாமலே தானா ஒரு கட்டளை ஓடும், அந்த வரியில இருக்கிற நம்பரைப் பாக்கும், அந்த நம்பர் வீடியோவையும் போய் அழிச்சுப் போட்டுரும், இனிமே பேர் போனா ஆளும் போயிரும்னா. அப்ப இவளுவளையெல்லாம் விரட்டிரலாமான்னு பொம்பளைகளுக்கு ஒரே சந்தோஷம். "அதுல ஒரு சங்கடம் இருக்கு"ன்னா ஆவுடை. "ட்ரிக்கர் பேர் வரி அழியும்போதுதான் ஓடும். இவளுவளுக்குத்தான் பேரே இல்லையே. ஒருத்தியைப் போகச் சொல்லணும்னா, முதல்ல அவளை இன்னார்னு ஏத்துக்கிட்டுப் பேர் எழுதணும். எழுதி முடிச்சுட்டுத்தான் அழிக்க முடியும்."

பேர் எழுதும்போதே சில பேருக்கு மனசு மாறிப்போச்சு, அதையும் சொல்லணும். முத்துச்செல்வி தன் பேரு, தன் பழைய இனிஷியலு, அப்பா பேருன்னு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அழுதுட்டா. ஆனாலும் அழிச்சிருங்கன்னுதான் சொன்னா. அழிச்சதும் புகையும் வரல, ஒளியும் வரல. முகூர்த்த வாசல்ல பன்னீர் தெளிச்சுக்கிட்டிருந்தவ கையிலேர்ந்து செம்பு மட்டும் டணார்னு விழுந்துச்சாம். இப்பிடிச் சேர் சேராக் காலியாச்சு. கவுன்சிலர் வந்து ஃபேனைக் கழட்டிக்கிட்டுப் போகலாமான்னு பாத்தாரு. பரமசிவம் பொண்டாட்டி அழிச்சுட்டுப் போன அன்னைக்கே பரமசிவம் வாயைத் திறந்துட்டான், ஊரே கேட்டுச்சு.

கடைசியில வராந்தாவுல வடிவும் அவ பின்னால நின்ன ஆவுடையும்தான் மிச்சம். சைலப்ப அண்ணாச்சி திருச்செந்தூருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் ஆவுடை என்னைத் துணைக்குக் கூப்பிட்டா.

"ஏட்டி, ஒரே வீடியோ, பின்னால நிக்கிற நீயும் சேந்துல்லா போவே?"ன்னேன்.

"போகட்டும் சனியன். அவளால யாருக்கு என்ன லாபம்?"னா.

வடிவரசின்னு தட்டினா. நட்சத்திரம் கேட்டை, அப்பா பேரு, தெரு, எல்லாம் தட்டினா. நம்பரை எழுதினா. சன்னல் வழியா அக்கா, "எனக்கு வரப்போறவரு ரயில்வேயில"ன்னு ஆரம்பிச்சா. இவ வரியை அழிச்சா. பேச்சு பாதியில நின்னுபோச்சு. எட்டிப் பாத்தேன், சேர் காலி, சேருக்குப் பின்னால செவுரு. ஆவுடை மூச்சை விட்டா பாருங்க, எத்தனை வருஷமோ அடக்கி வெச்சிருந்த மூச்சு. வாங்கக்கா ஒரு டீ போடுங்கன்னா. அவளே ரெண்டு வடை எடுத்துத் தின்னா.

சாயங்காலம் பாத்து, வீட்டுக்குப் போகாம என் கடையிலயே உக்காந்திருந்தா, அவரு மூஞ்சியைப் பாக்கணும்னு. வந்தாரு கோமதிநாயகம். எப்பவும் கிரீஸ் பிடிச்ச சட்டையில வர்றவரு அன்னைக்குக் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, நெத்தி நிறைய திருநீறு பூசி, ரெண்டு கையிலயும் தாம்பாளம் ஏந்திக்கிட்டு வந்தாரு. வெத்தலை, பாக்கு, சீப்பு வாழைப்பழம், மல்லிப்பூப் பந்து. கூடவே திருச்செந்தூர்லேர்ந்து அப்பத்தான் திரும்பியிருந்த சைலப்ப அண்ணாச்சி. ஆவுடை எந்திரிச்ச வேகத்துல பெஞ்சு சாஞ்சுபோச்சு.

"வாங்க, வாங்க! மச்சினியை அழைக்க வந்தீகளாக்கும்? தாம்பாளம் வேறயா? அவ போயிட்டா. நான்தான் அனுப்பிவெச்சேன். போங்க, போயி அந்தச் சேருக்குப் பூ வைங்க!"ன்னு ரோட்டுல நின்னு கத்துனா.

அவரு காலிச் சேரைப் பாக்கல. சேருக்குப் பின்னால இருந்த செவுத்தையே பாத்தாரு. தாம்பாளம் சாஞ்சு பழம் ஒண்ணு உருண்டு கீழே விழுந்துச்சு. "ஏட்டி, என் வீட்டு ஆளையும் சேத்தா அனுப்பிட்டே?"ன்னாரு.

"எந்த வீட்டு ஆளு?"

சைலப்ப அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டாரு. "அம்மா ஆவுடை, போன வாரம் நீ காதுகுத்துக்கு லீவு போட்டிருந்தேல்லா, அன்னைக்குத்தான் உன் வீட்டுக்காரரு வந்து எழுதச் சொன்னாரு. ஆவுடைச்செல்வின்னு உன் பேரைத்தான் எழுதினேன், அதே நம்பரைத்தான் போட்டேன். உன் பேர்ல ஒரு வரி இருக்கே, அது இருக்கையில எப்பிடித் தாயி அந்த வீடியோ போச்சு?"

ஆவுடை மெதுவா, யாருக்கோ பாடம் சொல்ற மாதிரி சொன்னா, "ட்ரிக்கர் அதையெல்லாம் பாக்காது அண்ணாச்சி. ஒரு பேருக்கு ஒரு வீடியோன்னு நெனச்சு எழுதினேன். இன்னொருத்தரும் அதே நம்பரை வெச்சிருக்காகளான்னு கேக்காம அழிச்சுப் போட்டுரும். கேக்கணும்னு எனக்குத் தோணல. அந்த நம்பரை வேற யாரு கேட்டு வரப்போறான்னு நெனச்சேன்." திரும்ப வருமான்னு அண்ணாச்சி கேட்டதுக்கு, வராதுன்னா. அவ பேர் வரி இப்பவும் உள்ளே இருக்கும், இல்லாத ஒரு நம்பரைக் காட்டிக்கிட்டு.

அண்ணாச்சி நைசா உள்ளே போயிட்டாரு. நான் போகல, என் கடை, நான் ஏன் போகணும்? கோமதிநாயகம் சாஞ்ச பெஞ்சை நிமித்தித் தாம்பாளத்தை அதுல வெச்சாரு. உன் உதிரியைக் கூப்பிட்டா வடிவும் கூட வருவா, நீ வீட்டை ரெண்டாக்கிருவேன்னு பயந்துதான் சொல்லலைன்னாரு. இன்னைக்கு எப்பிடியும் சொல்லிக் கூட்டிட்டு வந்துரணும்னுதான் கிளம்புனேன்னாரு.

அழுவா, கால்ல விழுவா, கட்டிக்கிடுவான்னு நீங்க நெனப்பீக. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஆவுடைக்கு வந்தது கோவம்தான்.

"ஓ, அவகிட்டத்தான் பேசுனீகளா? வீட்டுக்கு வந்தா தட்டைப் பாத்துச் சாப்பிடுவீக, டிவியைப் பாத்துத் தூங்குவீக, என்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்புல பேசி எத்தனை காலமாச்சு? அவளுக்கு மட்டும் தினம் வந்து நின்னு பேச்சாக்கும்? பூவாக்கும்? எனக்கு என்னைக்கு இம்புட்டுப் பெரிய பந்து வாங்கிட்டு வந்தீக?"

"ஏட்டி, அதுவும் நீதானேட்டி."

"அவ வேற, நான் வேற! என்ன பேசுனீக அவகிட்ட? இப்பச் சொல்லணும்."

"பேசல. கேப்பேன், அவ்வளவுதான்."

"என்ன கேப்பீக?"

அவரு கைவிரல்ல ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டிக்கிட்டே நின்னாரு. "உங்க அக்கா வேண்டாம்னு தள்ளுன ஆளை உன் தலையில கட்டிவெச்சாகளே, உனக்கு அதுல மனசுதானான்னு கேப்பேன்."

"தினமுமா?"

"ம். தினமும்தான்."

"அவ ஊமை மாதிரி நிப்பாளே. அவகிட்டப் போயி இதைக் கேக்கிறதுக்கு, உசுரோட ஒருத்தி இருக்கேனே, என்கிட்டக் கேக்க என்ன?"

"நீ பதில் சொல்லிருவியே"ன்னாரு.

ரோட்டுல மினி பஸ்காரன் ஹாரன் அடிச்சான், ரெண்டு பேரும் ஒதுங்கல, அவன் வைஞ்சுக்கிட்டே சுத்திப் போனான். அவ மூஞ்சியில கோவம் இருந்த இடத்துல என்னமோ ஒண்ணு வந்துச்சு, வெக்கம்னு சொல்லலாம்.

"இங்க பாருங்க. நீங்க பொண்ணு பாக்க வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே நான் கோமதியம்மன் சன்னதியில போயி நின்னேன். எங்க அக்கா வாயால உங்களை வேண்டாம்னு சொல்ல வெச்சிருன்னு வேண்டிக்கிட்டு நின்னேன். சொன்னா மாவிளக்கு போடுறேன்னு நேர்ந்துக்கிட்டேன்."

அவரு நிமிந்து பாத்தாரு.

"அவளும் வேண்டாம்னா. அடுத்த வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன், எதுக்குன்னு ஒருத்தருக்கும் சொல்லல. அந்த மாவுல ரெண்டு உருண்டை எங்க அக்காதான் தின்னா, நல்லா இருக்குட்டின்னு சொல்லிச் சொல்லித் தின்னா."

கோமதிநாயகம் கடைப் பெஞ்சுல உக்காந்துட்டாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு, நானும் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாச்சு, ஒரு ஆம்பளை ஒருத்தியைப் பாத்து அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. என் வயிறு எரிஞ்ச எரிச்சல்ல பால் பொங்கி அடுப்பு அணைஞ்சதுகூட எனக்குத் தெரியல.